பக்கத்தில் நின்றவன்

2005 ஜூன் 28 இரவு நியூயோர்க்கில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிகள் தங்களுக்கான இளைஞர்களை வரிசையாகத் தெரிவுசெய்துகொண்டிருந்தன. மூன்றாவதாக ஒருவரை எடுக்கும் உரிமை போர்ட்லண்ட் அணியிடம் இருந்தது. யூட்டா ஜாஸ் தன்னிடமிருந்த மூன்று தெரிவுகளைக் கொடுத்து அந்த உரிமையை வாங்கி, டெரோன் வில்லியம்ஸை எடுத்தது. நான்காவது பெயர் கிறிஸ் போல். அவரை எடுத்தது நியூ ஓர்லியன்ஸ். ஒருவருக்கு வயது 21, மற்றவருக்கு 20. இருவரும் பொயின்ட் கார்ட்கள்: பந்தைக் கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவர்கள்.

இவர்களில் யார் மேல் என்ற சண்டை கொழும்பிலும் பல ஆண்டுகள் ஓயவில்லை. அமெரிக்காவின் மாலை ஆட்டங்கள் கொழும்பில் காலை. பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் பையன்களுக்கு முடிவு தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனை கூடைப்பந்து ஊறிய இடம். சென் பெனடிக்ற்ஸ் கல்லூரிக்கு அந்த ஆட்டத்தில் பெயருண்டு. வெள்ளவத்தையில் கிரிக்கெட்தான் எல்லாம் என்றாலும், "மச்சான், நேருக்கு நேர் விளையாடினா டெரோன்தானே வெல்லுறான்" என்று மல்லுக்கட்ட அங்கேயும் ஆள் இருந்தது.

டெரோன் கட்சிக்குக் கையில் சரக்கு இருந்தது. ஆள் கிறிஸ்ஸைவிட மூன்று அங்குலம் கூடிய உயரம், உடம்பிலும் வலு. 2007இலேயே யூட்டாவை மேற்குப் பிரிவின் இறுதித் தொடர்வரை கொண்டுபோனவர். மறுகட்சி எண்களை எடுத்துவைக்கும். 2007-08 பருவத்தில் கிறிஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.1 புள்ளி, 11.6 அசிஸ்ட், டெரோன் 18.8, 10.5. அந்த ஆண்டின் மிகப் பெறுமதியான வீரருக்கான வாக்கெடுப்பில் கோபி பிரயன்டுக்கு அடுத்த இடம் கிறிஸ்ஸுக்கு.

அந்த 11.6 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் எழும். அசிஸ்ட் என்பது விசித்திரமான கணக்கு. நான் எவ்வளவு அழகாகப் பந்தைக் கொடுத்தாலும், வாங்கியவன் கூடைக்குள் போட்டால்தான் அது என் பெயரில் ஏறும். அவன் தவறவிட்டால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று புத்தகம் சொல்லும். இன்னொருவருடைய கைக்குக் காத்திருக்கும் எண்ணை வைத்துத்தான் இரண்டு பேரைத் தராசில் ஏற்றுகிறோம்.

அந்தக் கைகள் இருவருக்கும் ஒன்றாகவா இருந்தன? டெரோன் போய்ச் சேர்ந்தது கட்டி முடித்த வீட்டுக்கு. ஜெரி ஸ்லோன் அங்கே 1988 முதல் பயிற்றுநர். அணியின் முன்னைய வீரர்கள் ஸ்டொக்டனும் மலோனும் பல்லாண்டு விளையாடித் தேய்த்த ஆட்டமுறை தயாராக இருந்தது. உள்ளே பந்தை வாங்கிப் போட கார்லோஸ் பூசர் இருந்தார். கிறிஸ் சேர்ந்த ஊரை இரண்டு மாதத்தில் கத்ரீனா சூறாவளி மூழ்கடித்தது. அணி இடம்பெயர்ந்து ஒக்லஹோமா சிட்டிக்குப் போனது; இரண்டு பருவங்கள் தன் சொந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்நிய ஊரில் ஆடியது. அவருடைய முதல் அசிஸ்ட்கள் அப்படி வந்தவை. இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தை வாடகை வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

பரீட்சை என்றதும் இன்னொன்று. நம்முடைய நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசற் புள்ளி பார்க்கிறார்கள். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடு தழுவிய தரவரிசைக்கு. 55 இடங்கள் மாவட்டங்களுக்குப் பிரித்து. மீதி 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே ஒரே புள்ளி முல்லைத்தீவில் மருத்துவபீடத்துக்குப் போதும், கொழும்பில் போதாமல் போகலாம். எழுபதுகளில் தரப்படுத்தல் தமிழ்ப் பிள்ளைகளை எப்படி வெட்டியது என்பதைத் தெரிந்தவர்கள் இந்த ஏற்பாட்டைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்; நானும் அப்படித்தான். இருந்தாலும் பிள்ளையின் புள்ளி பிள்ளைக்கு மட்டும் சொந்தமானதல்ல, ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. நாங்கள்தான் வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை. பெரியம்மாவின் மகன் ஒன்பது ஏ எடுத்தான், நீ ஏழு. தீர்ந்தது விசாரணை.

அப்படியானால் எல்லாம் சூழல்தான், ஆள் ஒன்றுமில்லை என்று கைகழுவிவிடலாமா? அதற்குக் கிறிஸ்ஸின் பிற்காலம் இடம்கொடுப்பதில்லை.

முதலில் டெரோனின் கதை: 2011 பெப்ரவரியில் ஸ்லோன் திடீரென்று பதவி விலகினார். டெரோனுடன் ஏற்பட்ட உரசல்தான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டு கிழமைக்குள் டெரோனும் நியூஜேர்சிக்கு அனுப்பப்பட்டார். பிறகு கணுக்கால் வலி அவரை விடவில்லை. 2017இல் கிளீவ்லண்ட் அணியின் மாற்று வீரராக ஆடியதோடு அவருடைய தொழில் முடிந்தது. உடம்பு கைவிட்டதைக் குணத்தின் குறையாக எழுதுவது அநியாயம்.

கிறிஸ் ஊர் ஊராக மாறினார். லொஸ் ஏஞ்சலிஸ், ஹூஸ்டன், மறுபடி ஒக்லஹோமா சிட்டி, ஃபீனிக்ஸ். ஹூஸ்டன் 2017-18இல் 65 ஆட்டங்களை வென்றது. பத்து ஆண்டுகளாகப் பிளேஓஃப் பக்கமே போகாத ஃபீனிக்ஸ், அவர் வந்த முதல் பருவத்தில், 2021இல், இறுதித் தொடரில் நின்றது. அவருக்கு அப்போது 36 வயது. கிண்ணம் மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் 2019-20இல் ஒக்லஹோமா சிட்டியில் அவருக்குப் பக்கத்தில் ஆடிய ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற 21 வயதுப் பையன், 2025இல் அதே ஊருக்குக் கிண்ணத்தையும் தனக்குச் சிறந்த வீரர் விருதையும் வென்றான். கிறிஸ்தான் அவனை ஆக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் ஆன இடத்தில் கிறிஸ் ஒரு பருவம் நின்றார், அவ்வளவுதான்.

அந்தப் பருவம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. ஆனாலும் இரண்டு பொயின்ட் கார்ட்களை ஒப்பிட வேண்டுமென்றால், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். பந்து கையிலுள்ள பையனை விட்டுவிட்டு மற்ற நால்வரைப் பார்ப்பேன்: இவன் களத்தில் நிற்கும்போது அவர்கள் வெட்டி ஓடுகிறார்களா, கையை விரித்துக்கொண்டு பந்தைக் கேட்கிறார்களா, பந்து வராது என்று தெரிந்து நடக்கத் தொடங்கிவிட்டார்களா? நம் நாட்டு வலைப்பந்தாட்டத்தில் நெடிதுயர்ந்த தர்ஜினி சிவலிங்கம் அடித்த கோல்களை நாமெல்லாம் கொண்டாடினோம். அந்த உயரத்துக்குப் பந்தைத் துல்லியமாக ஏற்றிக்கொடுத்த பெண்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2008இல் பீஜிங் ஒலிம்பிக்குக்கு டெரோனையும் கிறிஸ்ஸையும் பயிற்றுநர் மைக் ஷெஷெவ்ஸ்கி ஒன்றாகவே கூட்டிப்போனார். எல்லாரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரும் வாங்கில் இருந்துதான் களத்துக்குப் போனார்கள். ஆட்டத்தைத் தொடங்கியவர் 35 வயது ஜேசன் கிட். அவர் கூடைக்குப் பந்தை எறிந்ததே அபூர்வம். ஸ்பெயினை 118-107 என்று வென்று தங்கம் கிடைத்தது. அமெரிக்க முதுநிலை அணிக்காகக் கிட் ஆடியவை 56 ஆட்டங்கள், தோல்வி ஒன்றுமில்லை. அவற்றில் அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று எந்தக் கட்சியிலும் ஒருவர்கூடக் கேட்டதில்லை.