எடைக்கருவி எழுப்பும் அறவினா



அண்மையில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். நமக்கு முன் இரு பெண்மணிகள் எடைக்கருவியில் ஏறி இறங்கினர். இருவருக்கும் உயரம் 150 சென்டிமீட்டர். ஒருவர் எடை 63 கிலோ. மற்றவர் எடை 36 கிலோ. முதலாமவரைக் கண்டு வரிசையில் நின்றோர் நகைத்தனர். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்தித் தலைகவிழ்ந்தார். இரண்டாமவருடன் வந்த மாமியாரோ, "என் மருமகள் தனக்கென்று ஒரு கவளமும் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டாள்" என்று பெருமையுடன் உரைத்தார். அந்த இகழ்ச்சியும் இந்தப் புகழ்ச்சியும் அறமாகுமா என்னும் வினா அன்று முதல் நம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் அடோல்ப் கெட்லே வகுத்த கணக்கு இது. இந்த எண் 18.5க்குக் குறைந்தால் மெலிவு. 25ஐ எட்டினால் மிகை எடை. ஆசிய மக்கள் 23லிருந்தே விழிப்பாயிருத்தல் நலம் என்பர். கொழுப்பையும் தசையையும் இவ்வெண் பிரித்துக் காட்டாது; ஆயினும் முதல் எச்சரிக்கையாகப் பயன்படும். அவ்விரு பெண்மணிகளின் எண்கள் 28, 16. இருவருக்குமே மருத்துவ கவனம் தேவை என்பதே இதன் பொருள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 12.6 விழுக்காட்டினர் மெலிந்தோர், 40.4 விழுக்காட்டினர் மிகை எடையுள்ளோர். 2015–16இல் மிகை எடையுள்ளோர் 30.9 விழுக்காடே. அதே 2019–21 ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை காணப்பட்டது. ஆகவே பருத்த உடலைக் கண்டு ஊட்டம் மிகுந்தது என எண்ணுவதும் தவறு.

பருத்தவளைப் பெருந்தீனிக்காரி என்று நாம் எளிதில் முடிவு கட்டுகிறோம். பல இல்லங்களில் பருப்பும் காயும் பிறர் இலைக்குப் போன பின், அவளுக்கு எஞ்சுவது சோறு மட்டுமே. குழந்தைகள் மிச்சம் வைத்ததையும் எறிய மனமின்றி அவளே உண்கிறாள். ஆராயாமல் அவள்மேல் குற்றம் சுமத்துவது வாய்மைக்கு மாறானது. அவள் மனத்தைப் புண்படுத்துவது அகிம்சைக்கு மாறானது.

மெலிந்தவளின் நிலையோ வேறு. உண்ணாநோன்பும் குறைத்துண்ணலும் நம் புறத்தவங்கள் ஆறனுள் முதலிரண்டு. ஆனால், தன் ஆற்றலுக்கேற்ற தவம் என்பதே பதினாறு பாவனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. உணவு முன்னிருக்க, தன் வலிமையறிந்து, தானே விரும்பி விலக்குவது தவம். பானையில் ஒன்றும் எஞ்சாமையால் பட்டினி கிடப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. அது வீட்டார் அறியாமலே இழைக்கும் இம்சை. அவள் கருவுற்றால், எடை குறைந்த மகவாகப் பிறக்கும் குழந்தையையும் அது தொடரக்கூடும்.

இதனைப் பிறரைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. இரவுண்ணா நெறி வழுவாத நம் இல்லத்தில், பள்ளியிலிருந்து திரும்பி அனைவர்க்கும் இட்டு முடிக்குமுன் பொழுது சாய்ந்துவிட, உண்ணாமலே படுத்த நாள்கள் பல. அதற்கு விரதம் என்று பெயரிட்டு மகிழ்ந்தோம். நம்மிடம் பயிற்சி பெற்ற இளம் ஆசிரியைகளுக்கும் அதனையே பெண்மையின் சிறப்பாக எடுத்துரைத்தோம். அது பிழையென எழுபது வயது கடந்த பின்னரே உணர்கிறோம். நெறியில் குறையில்லை, அந்நெறியைக் காக்கும் பொறுப்பை ஒருத்தியின் வயிற்றில் மட்டும் ஏற்றியதே குறை.

மாணவன் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியர் தம்மையும் ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறோம். எடைக்கருவி காட்டும் எண்ணும் அத்தகையதே. அவள் சமைத்ததை உண்டெழுந்த வீட்டார் அனைவர்க்கும் அதில் பங்குண்டு.

ஆதலின் அன்பர்களே, கதிரவன் மறையுமுன் பரிமாறும் பணியை ஆடவரும் மக்களும் பகிர்ந்துகொள்க. பருப்பையும் காயையும் சமமாகப் பங்கிட்டு, இல்லத்தலைவியும் உடன் அமர்ந்து உண்ணச் செய்க. சுகாதார நிலையத்தில் அவளது எண்ணைக் கேட்டறிந்து, அவள் நடைப்பயிற்சிக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தருக. எறும்புக்கும் தீங்கு நேராவண்ணம் நடக்கப் பழகிய நாம், நமக்கு அன்னமிடும் உயிரையும் அவ்வாறே காப்போமாக!