கிண்ணத்தில் மீந்த கஞ்சி

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அலுவலக வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. குழந்தைக்குத் தாய்ப்பாலோடு திட உணவும் கொடுக்கத் தொடங்க வேண்டிய வயதும் ஏறத்தாழ அதே ஆறு மாதம். பெங்களூரில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. தாய் அலுவலகம் திரும்பும் வாரத்தில்தான் குழந்தை முதல் கரண்டி கஞ்சியை ருசிக்கிறது. கரண்டியைப் பிடித்திருப்பது பாட்டியின் கை, இல்லையென்றால் ஆயாவின் கை.

நான் திருநெல்வேலியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்ததும் இதற்காகத்தான். சாயங்காலம் குடியிருப்புப் பூங்காவில் உட்கார்ந்தால் என்னைப் போலவே ஹாசனிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த பாட்டிமார் இருக்கிறார்கள். பாதிக் கன்னடம், பாதித் தெலுங்கு, மீதி கைச்சாடை. பேச்சு மட்டும் ஒன்றுதான்: இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டது? பாதிக் கிண்ணம்தான் என்று சொல்பவர் முகம் வாடிவிடுகிறது.

மகள் மத்தியானம் ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து கூப்பிடுவாள். “அம்மா, பாப்பா சாப்பிட்டாளா? கிண்ணம் காலியாச்சா?” அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தாய், குழந்தையின் பகல் பொழுதை வேறு எதை வைத்துத்தான் அறிவாள்? சிரித்தாள், விளையாடினாள், பூனையைப் பார்த்துக் கை நீட்டினாள் என்று நான் சொல்வதில் அளவு இல்லை. கஞ்சிக்கு அளவு உண்டு. அதனால் அவளுடைய ஏக்கம் முழுக்க அந்தக் கிண்ணத்தில் போய் இறங்குகிறது. அந்த ஏக்கத்தையும் சேர்த்து விழுங்க வேண்டியிருப்பது குழந்தை. அது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பதாம் பத்தாம் மாதத்தில், “முன்பு நன்றாகச் சாப்பிட்டது, இப்போது வாயே திறப்பதில்லை” என்று சொல்லாத வீடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளைப் பார்த்தால் இதில் பாதிக் கவலை கரைந்துவிடும். ஆறு நாடுகளின் குழந்தைகளை வைத்து அவற்றை வகுத்தார்கள். தெற்கு டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. சராசரிப் பெண் குழந்தை 3.2 கிலோவில் பிறந்து ஆறாம் மாதம் 7.3 கிலோ ஆகிறாள். முதல் ஆறு மாதத்தில் நான்கு கிலோ. அடுத்த ஆறு மாதத்தில் ஏறுவது 1.6 கிலோதான். அதற்குப் பிறகு முழுதாக ஒரு வருடத்துக்கும் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றே மேல். வளரும் வேகம் இப்படி இறங்கும்போது, கிலோ எடைக்கு இவ்வளவு என்று முதல் மாதங்களில் இருந்த பசி பிறகு அப்படியே நீடிக்காது. குழந்தையின் உடம்பு தன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. நாம்தான் பழைய கணக்கை நீட்டிக்கொண்டே போகிறோம்.

தேவையும் நாம் கற்பனை செய்வதைவிடச் சிறியது. தாய்ப்பால் குடிக்கும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் திட உணவிலிருந்து ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 200 கலோரி; ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. ஓர் இட்லியும், நெய் விட்டுக் குழைத்த சின்னக் கிண்ணம் பருப்புச் சாதமும் கிட்டத்தட்ட அந்த 200-ஐத் தொட்டுவிடும். மீதியைத் தாய்ப்பால் பார்த்துக்கொள்கிறது.

குழந்தையின் பசியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று மிகத் துணிச்சலாகச் சோதித்தவர் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர். 1920-களின் பிற்பகுதியில், அப்போதுதான் பால்குடி மறந்த 15 குழந்தைகளின் முன் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளைத் தனித்தனியாக வைத்தார். பால், முட்டை, ஈரல், எலும்பு மஜ்ஜை, பழம், கிழங்கு, தானியம் எல்லாம் உண்டு. செவிலியர் கரண்டியோடு பக்கத்தில் இருப்பார்; குழந்தை கை நீட்டினால்தான் கொடுப்பார். இதைச் சாப்பிடு என்ற சாடைகூட இருக்கக் கூடாது. ஒரு குழந்தை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், ராத்திரியில் முட்டையும் வாழைப்பழமும் பாலும் என்று விசித்திரமாகச் சாப்பிட்டது. எலும்பு வலுவற்ற ரிக்கெட்ஸ் நோயோடு வந்த இன்னொரு குழந்தை, தட்டில் இருந்த மீன் எண்ணெயைத் தானாகவே எடுத்துக் குடித்தது, குணமானதும் தொடவில்லை. எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. 1939-இல் இதையெல்லாம் எழுதிய டேவிஸ், சூட்சுமம் தாம் தேர்ந்தெடுத்து வைத்த உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அந்தப் பட்டியலில் சர்க்கரையும் கடைப் பண்டமும் கிடையாது. எனக்கு இந்தச் சோதனையில் ஆகப் பெரிய பாடம் அதுதான். எதை வைப்பது என்பது பெரியவர்கள் வேலை. எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம்.

எதை வைப்பது என்று கேட்டால், அதற்குக் கன்னட நாட்டில் அருமையான பதில் ஏற்கெனவே இருக்கிறது: ராகி சரி. ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, இளம் சூட்டில் வறுத்து, திரித்துச் சலித்த மாவு. நம் ஊரில் கேழ்வரகை முளைகட்டிச் செய்வதும் இதேதான். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதி, மாவுச்சத்தை உடைத்துவிடும். சாதாரண ராகி மாவு இரண்டு கரண்டி போட்டாலே களியாகி நிற்கும். நீர் விட்டு இளக்கினால் வயிறு நிறையும், சத்து சேராது. எட்டுக் கிலோக் குழந்தையின் வயிறு கொள்வது ஒரு டம்ளர் அளவுதான். முளைகட்டிய மாவில் அதே டம்ளருக்குள் கூடுதல் மாவு போட்டும் கஞ்சி இளகலாகவே இருக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களின் தொடக்கத்தில் முளைகட்டிய ராகியையும் பாசிப்பயறையும் சேர்த்து, கொதித்தாலும் கெட்டிப்படாத குழந்தை உணவை உருவாக்கினார்கள். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது கூடுதல் வரவு. இப்படிப்பட்ட மாவில் ஒரு சொட்டு நெய்யும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியைக் குழந்தை அரைக் கிண்ணம் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பினால், மிச்சத்தை நான் நிம்மதியாகக் குடித்துவிடுவேன்.

காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கால் கஞ்சியை வாயில் ஊற்றுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். புரையேறினால் உயிருக்கே ஆபத்து. இப்போது அந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. திரையைப் பார்த்து வாய் தானாகத் திறக்கிறது, கரண்டி உள்ளே போகிறது, வயிறு போதும் என்று சொல்வது குழந்தைக்கே கேட்பதில்லை. நிலாவைக் காட்டி ஊட்டியதும் கவனம் திருப்புவதுதானே என்று பூங்காவில் ஒரு பாட்டி கேட்டார். நிலாவைக் காட்டியவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள் என்றேன். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் சாடை பார்த்து ஊட்டவும் கூட விளையாடவும் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த கிராமங்களில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டிருந்தது.

பசியை நம்பக் கூடாத நேரங்களும் உண்டு. காய்ச்சல், பேதி வந்தால் குழந்தை சாப்பிடாது. அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தேறிய பிறகு ஒரு வேளை கூட்டிக் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்தாலும் பசி மங்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்துக்கு ரத்தசோகை இருந்தது. வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு மாதக்கணக்கில் ஏறாமல் படுத்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்துப் பெண்கள் அங்கே மணல் சுமக்கிறார்கள். அவர்கள் குழந்தைகள் மணல்மேட்டில் உட்கார்ந்து டீயில் நனைத்த பிஸ்கட்டைச் சப்புகின்றன. அந்தப் பெண்கள் யாருக்கும் 26 வார விடுப்பு கிடைத்ததில்லை. என் மகளைப் போன்றவர்களுக்காக, ஆணும் பெண்ணுமாக 50 ஊழியர் இருந்தாலே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 2017 திருத்தம். 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டமோ, பெண்களே 50 பேருக்கு மேல் இருந்தால்தான் குழந்தைகளுக்கு ஓர் அறை என்றது. ஒரு சின்னக் கட்டடத்தில் அத்தனை பெண்கள் எங்கே இருப்பார்கள்? வேண்டியது நிழலில் ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஒருத்தி, மூன்று வேளை ராகிக் கஞ்சி, அவ்வளவுதான். எவ்வளவு சாப்பிட்டது என்று நாங்கள் பூங்காவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோமே, அந்தக் கேள்வியை இந்தக் குழந்தைகளுக்காக ஒப்பந்தக்காரரிடமும் மாநகராட்சியிடமும் அரசிடமும் கேட்க வேண்டும். பூங்காவில் இதைச் சொன்னேன். ஹாசன்காரப் பாட்டி தன் மருமகனைக் கொண்டு கன்னடத்தில் மனு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.