மதிலுக்கு வெளியே ஒரு வேம்பு

கெடாவின் பெண்டாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் கோயிலுக்கு ஒரு வேப்பங்கன்று வாங்க முடிவாகிவிட்டது. மதிலுக்கு உள்ளே நடுவதா, வெளியே சாலையோரம் நடுவதா என்பதில்தான் நிர்வாகக் கூட்டம் இழுபடுகிறது. உள்ளே நட்டால் அது மாரியம்மன் மரம். மஞ்சள் துணி கட்டலாம், யாரும் வெட்டத் துணியமாட்டார்கள். வெளியே நட்டால் அதனடியில் மோட்டார் நிறுத்துவார்கள், சிகரெட் பிடிப்பார்கள் என்கிறார் ஒரு பெரியவர். அவர் கேட்பது சின்னக் கேள்வி அல்ல. புனிதத்துக்கு வேலி வேண்டுமா?

நான் வளர்ந்த தோட்டத்தில் மரம்தான் முதலில் இருந்தது. நிழல் பார்த்துக் கல்லை நட்டார்கள்; கோயில் பிறகு எழுந்தது. தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்தபோது சாமியைக் கொண்டுவந்தோம், நிழலைக் கொண்டுவர முடியவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும் வட கெடாவில், பகல் இரண்டு மணிக்கு எங்கள் தெரு பாலைவனம்தான்.

புனிதத்துக்கு வேலி வேண்டுமா என்ற கேள்விக்கு நிஜப் பாலைவனத்தில் ஒரு பதில் இருக்கிறது. மக்காவுக்கு அருகே அரபாத் திடலில், ஹஜ்ஜின் முக்கிய நாளன்று யாத்திரிகர்கள் சூரியன் மறையும் வரை தங்குவார்கள். அவர்களுக்கு நிழல் தர அங்கே சுமார் 50,000 வேம்புகள் நடப்பட்டன. 1955இல் ஹஜ் சென்ற இந்தோனேசிய அதிபர் சுக்கார்னோ சொன்ன யோசனை அது என்று நம்பும் அந்நாட்டினர், அதைச் சுக்கார்னோ மரம் என்றே அழைக்கிறார்கள். அந்த நிழலின் அருமை புரிய ஒன்று போதும்: 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமில்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். எங்கள் அம்மனின் மரம் அங்கே அல்லாஹ்வின் விருந்தாளிகளைக் காக்கிறது. அதனால் அம்மனுக்கு என்ன குறைந்துவிட்டது?

சாலையோர நிழல் புதிதல்ல. பேரரசர் அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில், விலங்குக்கும் மனிதருக்கும் நிழலாகச் சாலையோரம் ஆலமரம் நட்டதைச் சொல்கிறார். முந்தைய அரசர்களும் இத்தகைய சுகங்களைத் தந்தார்கள், தாம் செய்தது மக்கள் தர்மத்தில் நடக்கவே என்றும் சேர்த்துக்கொள்கிறார். நிழலைத் தர்மத்துக்கு ஒரு படி கீழே வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வெயிலில் வந்தவனுக்கு நிழல் கிடைத்ததே, அதுவே முழுத் தர்மம்.

பெரியவருக்கு என் பதில் இது. திருவிழாவில் அம்மனையே ரதத்தில் ஏற்றித் தெருவுக்கு அழைத்து வருகிறோம். அவள் மரம் மட்டும் ஏன் உள்ளே நிற்க வேண்டும்? மஞ்சள் துணியும் வேண்டாம். துணியைப் பார்த்தால் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் அங்கே உட்காரத் தயங்குவார்.

அரசங்கன்று வேண்டாம், அதன் வேர் கால்வாயைப் பிளந்துவிடும். வேம்பையே, கால்வாயிலிருந்து தள்ளி, மாவட்ட மன்றத்தின் அனுமதியோடு நடுவோம். வேரூன்றும் வரை வறட்சி மாதங்களில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அபிஷேகத்துக்கு உபயம் எழுதும் அதே நோட்டில், அதற்கும் உங்கள் பெயரைக் கொடுங்கள்.