கேட்டு வைத்துக்கொள்வோம்

நம் வீட்டுப் பெரியவர்கள் சாவைப் பற்றிப் பேசக் கூசுபவர்கள் அல்ல. கொள்ளி யார் வைப்பது, எரிப்பதா புதைப்பதா, எந்தப் புடவையை உடுத்திவிட வேண்டும், தோடு எந்தப் பேத்திக்கு என்று எல்லாம் சொல்லி வைத்திருப்பார்கள். காரியச் செலவுக்கென்று பணத்தைத் தனியே முடிந்து வைத்திருக்கும் பாட்டிகள் இன்றும் உண்டு. சாவுக்கு முந்தைய வாரங்களைப் பற்றித்தான் பேச்சே கிடையாது. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் வென்டிலேட்டரில் வைக்கலாமா, மூக்கில் ட்யூப் போட்டுச் சாப்பாடு ஊற்றலாமா, ஆஸ்பத்திரியா வீடா என்று யாராவது ஆரம்பித்தால், "நல்ல வார்த்தை பேசு" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அடைத்துவைத்த கேள்வி ஐசியூ வாசலில், நள்ளிரவில், ஒரு படிவத்தோடு வந்து நிற்கிறது. மூத்தவன் தம்பியைப் பார்க்கிறான். தம்பி துபாயிலிருக்கும் அக்காவுக்கு போன் போடுகிறான். "செய்யறதை எல்லாம் செய்யுங்க டாக்டர்" என்பதைத் தவிர வேறு பதில் அங்கே யாருக்கும் வராது. வேண்டாம் என்று சொன்னால், காசுக்குப் பார்த்து அம்மாவைக் கைவிட்டான் என்று ஊர் பேசும். பாசமும் பயமும் சேர்ந்து எடுக்கிற அந்த முடிவில், உள்ளே படுத்திருப்பவர் என்ன நினைத்தார் என்பதற்கு இடமில்லை.

என் அத்தைக்குக் கருப்பை வாய்ப் புற்று முற்றியபோது, "இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நோயாளியிடம் சொல்லக்கூடாத வாக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் படுக்கைப்புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து அதன் மேல் தூவினார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. நிலைப்படியோடு நின்றுகொண்டிருந்த பேரப்பிள்ளைகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள்.

மார்ஃபின் என்றதும் மாமா மறுத்தார். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாள் என்று பயம். வலியின் அளவு பார்த்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துத்தான் கொடுப்போம் என்று பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தார். வலி தணிந்து நன்றாகத் தூங்கி எழுந்த அத்தை, சீட்டுப் பணம் யார் யாரிடம் நிற்கிறது என்று கணக்குச் சொன்னாள். பிறகு, "மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். மூச்சு வாங்கிய அந்தக் கடைசி இரவில் எங்களுக்குள் தர்க்கமே வரவில்லை. அவள் சொல்லியிருந்தாள்.

அத்தைக்குக் கிடைத்த இந்த வலி தணிப்புச் சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்குவது தவறு. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் தொடங்கிய சிறு கிளினிக், ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. 2008-இல் அந்த மாநிலம் இதற்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் இந்தச் சிகிச்சை வீடு தேடி வரத் தொடங்கியது. இன்னும் பல வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பிழைக்க வழியில்லாத நிலையில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் தேவைப்பட்டதால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரியில் விதியை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி இருந்தால் போதும். ஊசி போட்டுக் கொல்வதற்கான அனுமதி அல்ல இது. மருத்துவர் குழுக்கள் இரண்டு பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே எதையும் நிறுத்த முடியும். எழுதியவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ஆனாலும் பத்திரத்தைவிடப் பேச்சுத்தான் முக்கியம் என்பேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உடம்பு நன்றாக இருக்கும்போதே, "அப்பா, உங்களால பேச முடியாமப் போனா டாக்டர் யார் பேச்சைக் கேக்கணும்?" என்று கேளுங்கள். எங்கே இருக்க ஆசை, எதற்குப் பயம் என்றும் கேளுங்கள். அக்கா தங்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். எழுதினால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடமும், ஒன்று தன் சார்பில் பேச அவர் பெயர் குறித்த ஆளிடமும் இருக்கட்டும்.