உரியது யாருக்கு? – கோலார் தங்கவயல் தமிழரின் கலை இலக்கிய மரபை முன்வைத்து ஓர் அறவினா

முன்னுரை

ஒரு கலைமரபு பிறந்த மண்ணிலேயே வழங்கிவரும் வரை அது யாருக்கு உரியது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. அங்கு நிலம், மொழி, மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. பிழைப்பு நாடிப் பெயர்ந்த ஒரு மக்கட்கூட்டம் பிறமொழி நிலத்தில் சில தலைமுறைகள் வாழ்ந்து, அவ்வாழ்வுக்கு அடிப்படையான தொழிலும் ஒருநாள் நின்றுபோகும் நிலையில் இம்மூன்றும் தனித்தனியே பிரிகின்றன; உரிமை வினாவும் எழுகின்றது. கருநாடகத்தின் கோலார் தங்கவயல் அத்தகைய இடமாகும். அங்கு உருவான தமிழ்க் கலை இலக்கிய மரபின்மீது நிலமும் மொழியும் உழைப்பும் கொண்டாடத்தக்க உரிமைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலும் மக்களும்

இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கோலாரில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கங்கள் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டன. 1956இல் அவை மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நடுவண் அரசு நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28இல் அந்நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை அம்மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டிருந்தது.

அத்தங்கத்தை எடுத்தவர்களுள் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளைப் பேசுவோரும் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். தொழிலாளர் குடியிருப்புகள் ‘லைன்’ என்றே வழங்கப்பட்டன. ஊரில் கற்ற கூத்தும் பறையும் தாலாட்டும் ஒப்பாரியும் அம்மக்களுடன் சென்றன. பாறை வெடிப்பில் ஒரே நாளில் பலரை இழக்க நேர்ந்த ஓர் ஊரில் ஒப்பாரி வெறும் சடங்காக இருந்திருக்க இயலாது.

நிலத்தின் உரிமை

கலை அது வாழும் மண்ணுக்கு உரியது என்பது முதல் வாதம். இதற்குத் தமிழிலேயே வலுவான சான்று உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தார். பறை, யாழ், தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக அவற்றின்பின் வைத்தார். அம்முறைப்படி தங்கவயலின் பாட்டும் கூத்தும் கருநாடக மண்ணின் விளைவுகளே எனலாம். கருநாடகப் பண்பாட்டு வரலாற்றில் அவற்றுக்கு இடமளிக்க வேண்டும் என்னும் அளவில் இவ்வாதம் ஏற்கத்தக்கது.

ஆயினும் ஐந்திணையும் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியவை. நிலத்தின்மேல் ஒரு பிடி மண்ணும் தமக்கென இல்லாமல், நிலத்தின்கீழ் உழைத்தோரின் வாழ்வை அப்பாகுபாடு அப்படியே கொள்ளாது. லைன் வீடும் நிறுவனத்துக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் கேள்விக்குள்ளாகும். நிலத்தின்மீது உரிமை மறுக்கப்பட்ட மக்களின் கலையை நிலத்தின் பெயரால் உரிமை கொள்வதில் ஓர் அறமுரண் உள்ளது. மனிதருக்கு இடமளிக்காத நிலம் அவர்தம் பாட்டுக்கு மட்டும் உடைமை கோருவது எவ்வாறு?

மொழியின் உரிமை

தமிழில் அமைந்தவை தமிழுக்கே உரியன என்பது இரண்டாம் வாதம். இதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. அவரது சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1914இல் பண்டிதர் மறைந்தபின், 1926 முதல் ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது. தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பாதுகாத்தது. சுரங்கத் தொழிலாளரின் சிறுதொகைகள் ஒரு தமிழ் அறிவு மரபை அழியாமல் காத்தன என்பது மிகையன்று.

எனினும், அம்மரபைத் தமிழுலகம் எவ்வாறு நடத்தியது என்பதும் கேட்கப்பட வேண்டும். பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாகப் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவரும்வரை தமிழ் இதழியல் வரலாறுகளிலும் இலக்கிய வரலாறுகளிலும் அவை பெற்ற இடம் மிகச் சிறிது. மொழியின் பெயரால் உரிமை கோருவோர் பல பத்தாண்டுகள் அவ்வுரிமைக்குரிய கடமையைச் செய்யவில்லை. பேணாத பொருளை உடைமை என்று சொல்லுவது சட்டத்தில் செல்லலாம், அறத்தில் செல்லாது.

இரு தங்கவயல்கள்

தங்கவயலின் நிலையைத் தெளிவாகக் காண மற்றொரு தங்க நிலத்துடன் ஒப்பிடுவது பயன் தரும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சுராண்டு பகுதியில் 1886இல் தங்கம் கண்டறியப்பட்டது. சூலு, கோசா, சோத்தோ முதலிய பல மொழியினரும் அண்டை நாட்டினரும் அங்கு வேலைக்குச் சென்றனர். சுரங்கத்துக்குள் ‘ஃபனகாலோ’ என்னும் கலப்புமொழி வழங்கியது. தொழிலாளர் அணிந்த ரப்பர்க் காலணிகளைத் தட்டி ஆடும் ஆட்டம் ஒரு கலையாக வளர்ந்தது. பயணத்தையும் சுரங்க வாழ்வையும் பாடும் ‘லிஃபேலா’ சோத்தோ மொழித் தொழிலாளரிடையே வளர்ந்தது. சூலுக் கவிஞர் பெ. வா. விலகாசி 1945இல் வெளிவந்த தம் தொகுப்பில் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் குரலில் நெடும்பாடல் ஒன்றை அமைத்தார்.

இரண்டுக்கும் ஒற்றுமை மிகுதி. வேற்றுமை ஒன்றும் பெரிது. அங்குத் தொழிலாளர் பெரும்பாலும் மனைவி மக்களைப் பிரிந்து ஆடவர் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். ஆகவே அவர்தம் பாட்டு வழிநடைப் பாட்டாகவும் திரும்பிச் செல்லும் ஊரை நோக்கிய பாட்டாகவும் அமைந்தது. கோலாரில் தொழிலாளர் குடும்பத்துடன் குடியமர்ந்தனர். திரும்பிச் செல்ல வேண்டிய ஊர் சாதிக் கொடுமையின் ஊராக இருந்தது. எனவே அவர்கள் புதிய ஊரையே தம் ஊராக்கினர். விகாரையும் பள்ளியும் அச்சகமும் நூலகமும் அமைத்தனர். பிரிவே அங்குப் பாட்டின் உரிப்பொருள் என்றால், இங்குக் குடியமைத்தலே உரிப்பொருள் எனலாம்.

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்பு பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. 2023இல் சைகைமொழியும் சேர்ந்தது. ஒரு நாட்டின் கலை ஒரே மொழிக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை என்னும் கருத்து அங்குச் சட்டமாகவே நிலைபெற்றுள்ளது. கருநாடகத்தின் மரபாகவும் தமிழின் மரபாகவும் ஒருசேர நிற்கத் தங்கவயலுக்கும் தடையில்லை.

துறக்கும் உரிமை

உழைத்தோருக்கே மரபு உரியது என்பது மூன்றாம் வாதம். முன்னிரண்டினும் இது வலியது. ஆனால் இதை ஏற்போர் அதன் கடினமான விளைவையும் ஏற்றாக வேண்டும். ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாயின் அதை விட்டுவிடவும் அவருக்கு உரிமை உண்டு.

பறை இதற்கு உரைகல். ஊரில் பறையடித்தல் விருப்பக் கலையாக அன்றிச் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அக்கடமையிலிருந்து விலகும் வாய்ப்பைச் சுரங்கக் கூலி தந்தது. பிற்காலத்தில் தமிழகத்தில் எல். இளையபெருமாள் பறையடிக்கும் இழிதொழிலை விடுமாறு இயக்கம் நடத்தினார். அதற்குப் பின்வந்த தலைமுறையினர் அதே பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்தனர். இரு செயல்களும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் ஒரே உரிமையின் இரு பக்கங்களாகும். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர் கையில்தான் பறை கலையாகின்றது.

தங்கவயலின் பௌத்தர்களும் இவ்வுரிமையைக் கையாண்டனர். விழாக்களையும் வழிபாடுகளையும் அவர்கள் பெற்றபடியே கொள்ளவில்லை. தீபாவளி, கார்த்திகை முதலியவற்றுக்குப் பண்டிதர் தந்த பௌத்த விளக்கங்களின்வழி அவற்றைத் தம் முன்னோரின் அறநினைவுகளாகப் படித்தனர். மரபைப் பெறுவோர் அதன் பொருளைத் தீர்மானிக்கவும் வல்லவர் என்பதற்கு இது சான்று. இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும்: ஒரு தலைமுறை துறந்ததை அடுத்த தலைமுறை தேடினால் என் செய்வது? அதனால்தான் பதிவு இன்றியமையாதது. பதிவு, ஆடு என்று யாரையும் வற்புறுத்துவதில்லை. தேடி வருவோருக்கு வழியை மட்டும் அடைக்காமல் வைக்கின்றது.

ஆய்வோரின் கடன்

தங்கவயலின் பெயர் இன்று திரைப்படங்களால் நாடெங்கும் அறியப்பட்டுள்ளது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த கன்னடப் படங்கள் அப்பெயரைக் கற்பனைக் கதை ஒன்றின் களமாக்கின. பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) தங்கம் தேடிச் சென்ற ஒடுக்கப்பட்டோரின் தொடக்கத்தைத் தொன்மச் சாயலில் காட்டியது. கலைஞருக்குக் கற்பனை உரிமை உண்டு. ஆய்வாளருக்கு அவ்விலக்கு இல்லை.

தங்கம் பிரித்தபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன. எடுக்கத்தக்கது வெளியே சென்றது; கழிவு அங்கேயே தங்கியது. பாட்டைப் பதிவுசெய்து பட்டம் பெற்று, பாடியவருக்கு ஒரு படியும் தராமல் திரும்பும் ஆய்வும் அதே முறையைப் பின்பற்றுகின்றது. தொகுத்தவை அவ்வூர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் திரும்பச் சேர வேண்டும். பாடியவர் விரும்பினால் பெயரும், விரும்பாவிடில் மறைவும் காக்கப்பட வேண்டும். தங்கவயல் வெளியீடுகள் தமிழிலக்கிய வரலாற்றுப் பாடத்தில் பின்னிணைப்பாக அல்லாமல் உள்ளடக்கமாக இடம்பெற வேண்டும். இவை ஆய்வோர் காட்டும் பெருந்தன்மை ஆகா. தீர்க்க வேண்டிய கடன்.

நிறைவாக

தமிழில் ‘உரிமை’ என்னும் சொல் உடைமையையும் உறவையும் ஒருங்கே குறிக்கின்றது. ‘உரியவர்’ என்பார் பொருளுக்குச் சொந்தக்காரர் மட்டுமல்லர். இன்ப துன்பங்களில் உடன் நிற்கக் கடமைப்பட்டவரும் ஆவார். தங்கவயல் மரபின் உடைமை அதை வாழ்ந்தோரிடமும் அவர்தம் வழியினரிடமும் உள்ளது. அதைக் காக்கவும் மாற்றவும் துறக்கவும் அவர்களே உரியர். நிலமும் மொழியும் கோரத்தக்கது உறவின் உரிமையை மட்டுமே. அதுவும் கடமை செய்தபின் கிடைப்பது. சுரங்கம் மூடியபின் அவ்வூர் மக்கள் பலர் நாள்தோறும் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் என்றேனும் தம் பாட்டனாரின் ‘தமிழன்’ இதழைத் தேடி வந்தால் அதை எடுத்துத் தரும் நிலையில் இருப்பதே, அம்மரபைத் தன்னுடையது என்று சொல்ல விரும்பும் தமிழ்ப் புலமையுலகின் முதற்கடமையாகும்.