வராத வேதனைக்குப் பொறுமையா?

சோதனை வந்தால் ஸபூர் செய்ய வேண்டும் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. ஆனால், தடுக்கக் கூடிய வேதனையைத் தடுக்காமல் விட்டுவிட்டு, அது வந்த பிறகு நோயாளியைப் பார்த்து, ‘பொறுமையாக இரு’ என்று உபதேசிப்பது ஸபூராகுமா? அரிவாள் செல் இரத்தசோகை என்னும் நோய் இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது.

இது தாய், தந்தை இருவர் வழியாகவும் பிறப்பிலேயே வருவது. ஒட்டிக் கொள்ளும் நோயன்று. நைஜீரியா, சூடான், ஓமான், பஹ்ரைன், ஸவூதியின் கிழக்கேயுள்ள கதீஃப், அல்அஹ்ஸா ஆகிய இடங்களில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் இதனை அறியும். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடமும் இதன் கூறு இருப்பது 1952-ல் கண்டறியப்பட்டது.

இரத்தத்தின் சிவப்பணு வட்டமானது. நெளிந்து கொடுத்து நுண்ணிய குழாய்களிலும் ஓடக் கூடியது. இந்நோயாளிகளின் உடலிலோ, பிராணவாயு குறையும்போது அது விறைத்து அரிவாள் போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் குழாய்களை அடைத்துக் கொண்டால் எலும்பிலும், முதுகிலும், நெஞ்சிலும் தாங்கொணா வலி எழுகிறது. நாட்கணக்கில் நீடிக்கவும் செய்கிறது. உடலில் நீர் வற்றுவது, குளிர், காய்ச்சல், அளவு மீறிய உழைப்பு ஆகியவை அதனைத் தூண்டுகின்றன.

இப்போது ரமளானை எண்ணிப் பாருங்கள். அரபு நாட்டுக் கோடையில் நோன்பு ஏறத்தாழ 15 மணி நேரம். ‘உன் உடலுக்கு நீர் வற்றக் கூடாது, நோன்பு வேண்டாம்’ என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டிலோ, ‘சின்னப் பிள்ளைகள் கூட நோற்கின்றன, உனக்கு மட்டும் என்ன?’ என்று ஒரு சொல் விழுகிறது. அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டே அவர் நோன்பு நோற்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இதற்கு யார் பொறுப்பு?

நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் தெளிவாக அனுமதிக்கின்றன. சலுகையை அளித்தவன் அல்லாஹ். அதனை ஈமானின் குறைவென்று கேலி பேச நாம் யார்?

அபூதாவூதில் ஒரு சம்பவம் இடம் பெற்றுள்ளது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ளச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி கேட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இறந்தவரைக் குறை கூறவில்லை. அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றார்கள் என்று கடிந்து கொண்டார்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஃபத்வா கொடுப்போர் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இந்நோயாளிகள் எல்லோருமே நோன்பை விட வேண்டுமென்பதில்லை. அவரவர் நிலையை அறிந்த மருத்துவரே அதனைச் சொல்ல வேண்டும். பகல் குறுகிய குளிர்ந்த நாட்களில் களாச் செய்ய முடிந்தவர் செய்யட்டும். என்றுமே இயலாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. விவரத்தை ஆலிம்களிடம் கேட்டறியலாம்.

வீட்டாரின் கடமையும் உண்டு. பஜ்ருடைய ஒளூவுக்கு வெந்நீர் வையுங்கள். குளிரில் கம்பளி கொடுங்கள். தண்ணீர் குடிக்க நினைவூட்டுங்கள். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தடுப்பூசிகளைத் தவற விடாதீர்கள். ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து வலித் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இரத்தப் பரிசோதனையுடன் மருத்துவர் சொன்னபடி அதனை உட்கொள்ள வேண்டும். மருந்து உண்பது தவக்குலுக்கு மாறானதன்று.

இத்தனையும் செய்த பின்னரும் வலி வரலாம். அப்போது, ‘நீ ஒழுங்காக இல்லாததால் வந்தது’ என்று பழி சொல்லாதீர்கள். ஸபூருக்குரிய நேரம் அதுதான். அந்த ஸபூர் நோயாளிக்கு மட்டுமல்ல, இரவெல்லாம் அருகில் விழித்திருக்கும் நமக்கும் சேர்த்தே கடமை.

வந்த வேதனைக்குப் பொறுமை. வராத வேதனைக்குக் காவல். இரண்டையும் பிரித்தறியும் அறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.