முகிலும் வெள்ளமும்

வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியச் சென்ற மணிமேகலைக்கு, அளவைவாதி ஒருவன் கருதலளவையின் வகைகளை எடுத்துரைக்கின்றான். ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு, மேற்புறத்தே மழை பெய்திருக்கின்றது என்று துணிவது ஒருவகை. அதற்கு எச்சம் என்று பெயர். சூல்கொண்ட முகிலைக் கண்டு, இனி மழை பெய்யும் என்று கூறுவது மற்றொரு வகை. அதற்கு முதல் என்று பெயர். முன்னது நடந்து முடிந்த ஒன்றுக்குச் சான்று கூறுகின்றது. பின்னது நடக்கவிருக்கும் ஒன்றை முன்கூட்டியே உரைக்கின்றது. இரண்டும் அறிவின் வழிகளே. எனினும் முகில் கலைந்து போவதுண்டு. வந்துவிட்ட வெள்ளம் கலைவதில்லை. அணை உடைந்தாலும் வெள்ளம் வருமே என்று தருக்கம் பேசுவோர் இருப்பர். அவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்தப் பழைய வேறுபாடு, மணிமேகலையின் பெயரையே கேட்டிராத ஒரு நாட்டில், ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் பெரும் வழக்காக எழுந்து நிற்கின்றது. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியே அவ்வழக்குக்குரிய களம்.

அந்நாட்டில் முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகள் 350க்கு மேற்பட்டவை. அவை முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டணிகளாகப் பிரிந்து, நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை ஆடுகின்றன. ஒரு பந்துகூட எறியப்படாத அக்டோபர் மாதத்திலேயே, எந்தக் கூட்டணியில் எந்தக் கல்லூரி எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்ற பட்டியலைப் பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் வெளியிட்டுவிடுகின்றனர். பருவத்தின் முடிவில் நாடு தழுவிய போட்டித் தொடர் நடைபெறும். 2024ஆம் ஆண்டில் அதில் இடம்பெற்ற 68 கல்லூரிகளுள் 32, தத்தம் கூட்டணியின் வாகையைச் சூடி நேரே நுழைந்தவை. எஞ்சிய 36 இடங்களைப் பன்னிருவர் அடங்கிய தேர்வுக் குழு ஒன்று நிரப்பியது. முதல் 32க்கும் ஆட்டமே தீர்ப்பு. பின்னைய 36க்கும் மனிதர் தீர்ப்பு.

கணிப்போரின் கலை எளியதன்று. கென் பொமராய் போன்றோர், ஒரு குழு பந்தைக் கைக்கொள்ளும் ஒவ்வொரு நூறு தடவைக்கும் எத்தனை புள்ளி ஈட்டுகின்றது, எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்கின்றது என்று கணக்கிட்டு, எதிராளியின் வலிமையையும் சொந்தத் திடலின் சாதகத்தையும் அதில் கழித்தும் கூட்டியும் தரம் காண்கின்றனர். 1981 முதல் வழக்கிலிருந்த பழைய அளவுகோலை நீக்கிவிட்டு, 2018-19ஆம் பருவத்தில் போட்டியை நடத்தும் சங்கமே புதிய தரவரிசை முறை ஒன்றைக் கொண்டுவந்தது. இத்தனை கருவிகள் இருந்தும், தொடரின் 63 ஆட்டங்களின் முடிவையும் ஒருசேரச் சரியாகக் கூறியவர் என உறுதிசெய்யப்பட்டவர் எவருமிலர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு முடிவுகள் எனக் கொண்டால், நிகழக்கூடிய வழிகள் ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடி ஆகும். 2019ஆம் ஆண்டில் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகக் கூறியதே அரிய செயலாகக் கொண்டாடப்பட்டது.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இங்குக் குறிப்பிடத்தக்கது. 2017-18ஆம் பருவத்தின் தொடக்கத்தில், அட்லாண்டிக் கடலோரக் கூட்டணியில் அது ஆறாவது இடத்தைப் பெறும் என்று கணித்தார்கள். அதுவோ கூட்டணி ஆட்டங்களில் 17 வெற்றி, 1 தோல்வி என்று முதலிடத்தில் நின்றது. உடனே கணிப்பும் முகம் மாறியது. நாட்டின் தலையாய குழு என்று அதனைப் போட்டித் தொடரின் உச்சியில் வைத்தார்கள். அதன் முதல் எதிராளி பால்டிமோரைச் சேர்ந்த சிறிய கல்லூரி. ஒவ்வொரு வட்டாரத்திலும் முதலிடக் குழுவும் பதினாறாம் இடக் குழுவும் மோதுவது மரபு. ஆடவர் பிரிவில் அதுவரை நடந்த அத்தகைய 135 ஆட்டங்களிலும் முதலிடமே வென்றிருந்தது. 136ஆவது ஆட்டத்தில் வர்ஜீனியா 74-54 என்று வீழ்ந்தது. மறு ஆண்டு, 2019இல், அதே பல்கலைக்கழகம் நாட்டின் வாகையைச் சூடியது. ஆறாமிடம் என்றபோது முதலிடம். வெல்லும் என்றபோது வீழ்ச்சி. அவமானத்தின் சின்னம் என்று நகைத்தபோது வெற்றி.

இதைக் கொண்டு கணிப்போர் பொய்யர் என்று முடிவு கட்டுவது பேதைமை. நூற்றுக்கு ஒன்றே வாய்ப்பு என்று கூறியவன், நூறு ஆட்டங்களில் ஒன்று அவ்வாறு முடியும் என்றுதான் கூறினான். அந்த ஒன்று வந்தபோது அவன் வாக்கு பொய்த்துவிடவில்லை. ஆனால் அவன் பேசுவது நூறு ஆட்டங்களைப் பற்றி. களத்தில் நிற்கும் இருபது வயது இளைஞனுக்கோ ஆட்டம் ஒன்றே. கூட்டத்தைப் பற்றிய உண்மையைத் தனி ஒருவன்மீது சுமத்தலாமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கின்றது. பொழுதுபோக்காகக் கணித்துக்கொண்டிருக்கும்வரை அது கேள்வியன்று. கதவைத் திறக்கவும் அடைக்கவும் கணிப்பு பயன்படும்போதுதான் அது அறக்கேள்வியாகின்றது.

தேர்வுக் குழுவின் மேசைமீது இருவகை எண்கள் வைக்கப்படுகின்றன. இதுவரை யாரை, எங்கே, எப்படி வென்றாய் என்று அளப்பவை ஒருவகை. இனி ஆடினால் எப்படி ஆடுவாய் என்று அளப்பவை மற்றொரு வகை. எச்சமும் முதலும் என்று அளவைவாதி பிரித்த அதே இரண்டு. தகுதி பெற்றவனுக்கு இடமா, திறன் மிக்கவனுக்கு இடமா என்பதே அங்கு நடைபெறும் வாதத்தின் சாரம். இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். ஒன்றாக இருக்கும் நாள்களில் வழக்கே எழுவதில்லை.

2000ஆம் ஆண்டில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் நாட்டின் முதற்குழுவாகத் திகழ்ந்தது. கூட்டணிப் போட்டியில் அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் கென்யன் மார்ட்டின் கால் முறிந்து வீழ்ந்தார். முதல் நிலையில் வைக்கப்படவிருந்த குழுவைத் தேர்வுக் குழுவினர் இரண்டாம் நிலைக்கு இறக்கினர். சின்சினாட்டி இரண்டாம் சுற்றிலேயே தோற்றது. கணிப்பு பலித்தது, அது நீதியும் ஆகுமா? பலித்ததனாலேயே ஒரு கணிப்பு நீதியாகிவிடாது. எனினும் இங்கு ஒரு குறைந்த அளவு நேர்மை இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வரிசையில் ஒருபடி இறக்கினார்களே ஒழியக் கதவை அடைக்கவில்லை. ஆடிப் பார்த்துத் தோற்கும் உரிமை அக்குழுவுக்கு இருந்தது.

2023ஆம் ஆண்டின் இறுதியில், பக்கத்து விளையாட்டான அமெரிக்கக் காற்பந்தில் நடந்தது வேறு. புளோரிடா ஸ்டேட் கல்லூரிக் குழு 13 ஆட்டங்களிலும் வென்று, கூட்டணியின் வாகையையும் சூடியிருந்தது. ஆனால் முதன்மை ஆட்டக்காரரின் கால் முறிந்திருந்தது. இனி இக்குழு வெல்லாது என்று கருதிய தேர்வுக் குழு, நாலே இடங்கள் கொண்ட இறுதிச் சுற்றில், ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை அமர்த்திப் புளோரிடா ஸ்டேட்டை வெளியே நிறுத்தியது. ஆறுதலாகக் கிடைத்த ஆட்டமொன்றில் அக்குழு ஜோர்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியபோது, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே என்றனர் சிலர். ஆனால் அன்று களத்தில் நின்றது பழைய குழுவன்று. நோக்கம் பறிபோனபின் அதன் ஆட்டக்காரர் பலர் அந்த ஆட்டத்திலிருந்து விலகியிருந்தனர். தான் கூறிய முடிவைத் தானே விளைவித்துவிட்டு, அதையே சான்றாகக் காட்டுவது கணிப்புக்கு எளிதாகக் கைவரும் தந்திரம்.

ஆசிரியப் பணியில் உள்ளோர் இத்தந்திரத்தை நன்கறிவர். 1968ஆம் ஆண்டில் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியாவின் தொடக்கப் பள்ளி ஒன்றில், எவ்விதத் தகுதியும் பாராமல் எடுத்த சில பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் விரைவில் மலரப் போகின்றவர்கள் என்று கூறினார்கள். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகுதியாக முன்னேறினர் என்பது அவ்விருவர் கூற்று. அதன் அளவைப் பற்றிப் பின்னர் கடும் மறுப்புகள் எழுந்தன. ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனினும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு மாணவனின் பெயருக்கு நேரே இவன் தேறமாட்டான் என்று மனத்துக்குள் எழுதிவிட்ட ஆசிரியர், அவனிடம் எத்தனை கேள்வி கேட்கின்றார், விடைக்காக எத்தனை நொடி காத்திருக்கின்றார் என்பதைக் காண ஆய்வு தேவையில்லை; வகுப்பின் கடைசி வரிசையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் போதும்.

கூடைப்பந்திலும் அந்தக் கடைசி வரிசை உண்டு. 2023-24ஆம் பருவத்தில், இண்டியானா மாநிலத்தின் டெரி ஹோட் நகரிலுள்ள இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் கூட்டணியில் முதலிடம் பெற்றது. 1979ஆம் ஆண்டில் லாரி பேர்ட் என்னும் இளைஞரைக் கொண்டு ஒரு தோல்வியுமின்றி நாட்டின் இறுதியாட்டம் வரை சென்ற கல்லூரி அது. கூட்டணியின் வாகைப் போட்டியில் மட்டும் இறுதியாட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 84-80 என்று தோற்றது. 28 வெற்றி, 6 தோல்வி. சங்கத்தின் சொந்தத் தரவரிசையிலேயே முதல் முப்பதுக்குள் இடம். நேர்வழி மூடிவிட்டாலும் 36 இடங்களுள் ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்தது.

அதே வாரத்தில் வாஷிங்டனில் நார்த் கரோலினா ஸ்டேட் என்னும் குழு, பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்றுப் பத்தாமிடக் குழுவாகக் கூட்டணிப் போட்டிக்கு வந்தது. ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்றாலொழிய அதற்கு வழியில்லை. வென்றது. வர்ஜீனியாவுக்கு எதிரான அரையிறுதியில் நேரம் முடியும் கணத்தில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடையில் விழுந்து கூடுதல் நேரம் பெற்றுத் தந்தது. வாகை சூடி நேரே நுழைந்த அக்குழு, பின்னர் நாட்டின் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாகவும் உயர்ந்தது. எந்தக் கணிப்பாலும் அடைக்க முடியாத கதவு ஒன்று இருந்ததனால் நேர்ந்த அற்புதம் அது.

ஆனால் எதிர்பாராத ஒருவர் பந்தியில் அமர்ந்தால், எல்லையில் நின்ற ஒருவர் எழுந்து போகவேண்டும். அந்த ஆண்டு வெளியே நின்றவற்றுள் இண்டியானா ஸ்டேட்டும் ஒன்று. அதே தரவரிசையில் ஐம்பதைத் தாண்டி நின்ற வர்ஜீனியா உள்ளே சென்றது. சென்ற முதல் ஆட்டத்திலேயே கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றுத் திரும்பியது.

தேர்வுக் குழுவின்மேல் பழி சுமத்துவது எளிது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: இடங்கள் எண்ணிவிட்டவை, எங்குக் கோடு கிழித்தாலும் அதற்கு வெளியே ஒருவன் நிற்பான். வலிமையான எதிராளிகளை இண்டியானா ஸ்டேட் மிகச் சில தடவைகளே வென்றிருந்தது என்பதும் உண்மையே. ஆனால் அக்குறை யாருடையது? சொந்தத் திடலில் முதல் முப்பது, பொதுத் திடலில் முதல் ஐம்பது, எதிராளியின் திடலில் முதல் எழுபத்தைந்து இடங்களுள் நிற்கும் குழுவோடு ஆடினால்தான் அது முதல்தர ஆட்டமாக எண்ணப்படும். பெரிய கூட்டணியில் உள்ளவனுக்கு அத்தகைய ஆட்டம் வாரந்தோறும் வந்து சேர்கின்றது. சிறிய கூட்டணியில் உள்ளவன் அதற்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டும். சிறிய ஊரின் திடலுக்கு வந்து தோற்கும் இடரைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. வெள்ளம் வரவில்லை என்று குறை கூறுமுன், ஆறு ஓட இடம் விட்டோமா என்று கேட்கவேண்டும்.

2011ஆம் ஆண்டில் இதற்கு மாறாக நடந்தது. தன் கூட்டணியில் நான்காமிடம் பெற்ற வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தைத் தேர்வுக் குழு உள்ளே அழைத்தது. தொலைக்காட்சியில் கருத்துரைப்போர் எள்ளி நகையாடினர். முதல் சுற்றுக்கும் முந்திய தகுதி ஆட்டத்திலிருந்து தொடங்கிய அக்குழு, கான்சஸ் முதலான பெயர் பெற்ற குழுக்களை வென்று கடைசி நான்கினுள் ஒன்றாயிற்று. நகைத்தவர்களின் வாக்கு பொய் என்று நிறுவ அக்குழுவுக்கு ஆட்டங்கள் கிடைத்தன. கதவு அடைக்கப்பட்டவர்களைப் பற்றிய கணிப்போ என்றைக்கும் பொய்யாவதில்லை. அதைச் சோதிக்கும் ஆட்டமே நடைபெறாமையால் அது பழுதற்ற கணிப்பாகவே ஏட்டில் நின்றுவிடுகின்றது.

ஆகவே கணிப்பை ஒழிக்கவேண்டும் என்பதன்று வாதம். உள்ளே வந்தவர்களை எங்கே அமர்த்துவது, யாரை யாரோடு மோதவிடுவது என்பதற்கு முகிலைப் பார்க்கலாம். அதில் பிழை நேர்ந்தால் ஆட்டமே திருத்திவிடும். உள்ளே வரத் தகுதியுடையவர் யார் என்பதற்கு மட்டும் வெள்ளத்தைப் பார்ப்பதே முறை. முன்னைய பிழை ஓர் ஆட்டத்தோடு போகும். பின்னைய பிழையைத் திருத்த ஆட்டமே இல்லை.

அழைப்புக் கிடைக்காத இண்டியானா ஸ்டேட், விடுபட்டவர்களுக்கென நடைபெறும் மற்றொரு போட்டித் தொடரில் ஆட ஒப்புக்கொண்டது. மனம் கசந்து மறுக்கும் கல்லூரிகளும் உண்டு, அது மறுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றாக வென்று, 2024 ஏப்ரல் மாதம், தன் மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிசில் நடந்த இறுதியாட்டத்தில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தோடு மோதியது. 79-77 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.